நீர்மலைப் பதிகமும் நீர்மலைக் கோயிலும்

பாடல் பெற்ற தலங்களின் வரலாற்றை எழுதப் புகுவார் முதற்கண் நாடுவது அத்தலத்தைப் பற்றிய பதிகத்தையே ஆகும். கல்வெட்டுக்கள் கிட்டாத காலப்பகுதிக்கும் பதிகம் சான்று தரும் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம். நம்பிக்கை தவறன்று, ஆயினும் பதிகம் எதற்குச் சான்றாகும், எதற்கு ஆகாது என்பதை வரையறுத்துக்கொள்ளாமல் அதனைக் கையாளுதல் இடர் விளைப்பதாகும். பாட்டின் சொல்லை இன்றைய கோயிலைக் கொண்டு விளக்கி, அவ்விளக்கத்தையே மீண்டும் கோயிலின் பழைமைக்குச் சான்றாகக் காட்டும் வழக்கம் தலவரலாற்று நூல்களில் மிகுந்துள்ளது. இஃது ஒன்றையொன்று பற்றிச் சுழலும் வாதமாகுமேயன்றி ஆராய்ச்சி ஆகாது. சென்னைக்குத் தெற்கே, பம்மலை அடுத்துள்ள திருநீர்மலையையும், அதனைத் திருமங்கையாழ்வார் பாடிய பெரிய திருமொழிப் பதிகத்தையும் எடுத்துக்கொண்டு இச்சிக்கலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஊரும் சூழலும்

பம்மலுக்கு மேற்கே, அடையாற்றின் கரைவெளியில் தனித்து நிற்கும் சிறு குன்று நீர்மலை. குன்றின்மேல் ஒரு கோயிலும், அடிவாரத்தில் ஒரு கோயிலும், அதன் எதிரே மணிகர்ணிகை எனப்பெறும் திருக்குளமும் அமைய, ஊர் மலையைச் சார்ந்து வளர்ந்துள்ளது. 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி அமைந்தபொழுது பம்மல், பல்லாவரம், அனகாபுத்தூர் ஆகிய நகராட்சிகளுடன் திருநீர்மலைப் பேரூராட்சியும் அதனுள் அடங்கிற்று. பெயரளவில் நகர்ப்பகுதியாயினும், மலையும் கோயிலும் குளமுமே இன்றும் இவ்வூரின் உருவத்தை வரையறுக்கின்றன.

இச்சுற்றுப்புறத்தின் பழைமை பெரிது. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் இராபர்ட் புரூசு ஃபூட் என்னும் நிலவியலறிஞர் பழங்கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தது பல்லாவரத்திலேயாகும். அவ்வூர்க் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரை ஒன்று உண்டு. அவனுடைய விருதுப் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. இன்று அஃது இசுலாமியர் வழிபாட்டிடமாக விளங்குகின்றது. அணித்தே உள்ள திரிசூலம், குன்றுகள் சூழ அமைந்த சோழர் காலச் சிவன் கோயிலை உடையது. இவ்வாறு ஒன்றையொன்று நோக்கி நிற்கும் குன்றுகளுள் பல்லாவரத்தில் கல்லே தன்னைக் குடைவித்தான் பெயரைச் சொல்கின்றது. நீர்மலையிலோ, மிகப் பழைய காலத்தைப் பற்றிப் பேசுவது பாட்டே ஆகும். அதனாலேயே பாட்டின் பொருளை அளந்தறிதல் இங்கு இன்றியமையாததாகின்றது.

2. இன்றைய கோயிலமைப்பும் அதன் விளக்கமும்

அடிவாரக் கோயிலில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்தில் எழுந்தருளியுள்ளார். தாயார் திருப்பெயர் அணிமாமலர் மங்கை. மலைமேல் அரங்கநாதர் கிடந்த கோலத்திலும், சாந்த நரசிம்மர் இருந்த கோலத்திலும், உலகளந்த பெருமாள் நடந்த கோலத்திலும் காட்சி தருகின்றனர். ஆகவே நிற்றல், இருத்தல், கிடத்தல், நடத்தல் என்னும் நால்வகை நிலையும் ஓரூரிலேயே அமைந்த அருமை இத்தலத்துக்கு உண்டு. அடியார் இதனைப் போற்றுதல் இயல்பே.

திருமங்கையாழ்வார் நீர்மலைப் பதிகத்தின் முதற்பாட்டிலும் இந்நான்கு வினைகளும் வருகின்றன. இவ்வொப்புமையைக் கண்டோர், ‘ஆழ்வார் காலத்திலேயே நான்கு திருமேனிகளும் இம்மலையில் இருந்தன, அவற்றையே அவர் பாடினார்’ என முடிவு செய்வர். ஆழ்வார் எட்டாம் நூற்றாண்டினர் என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்கையாதலின், நான்கு சந்நிதிகளும் அந்நூற்றாண்டின எனக் கூறுதலும் எளிதாகிவிடுகின்றது. இம்முடிவைப் பாட்டின் சொற்றொடர் தாங்குமா என்பதே நாம் ஆராய வேண்டுவது.

3. நிரல்நிறை காட்டும் பொருள்

முதற்பாட்டில் நான்கு வினைகளுக்கு முன்னர் நான்கு ஊர்ப்பெயர்கள் நிற்கின்றன. அவை நறையூர், திருவாலி, குடந்தை, கோவல்நகர் என்பன. பெயர்கள் நான்கையும் ஒருங்கே அடுக்கி, வினைகள் நான்கையும் பின்னர் ஒருங்கே அடுக்கிய இவ்வமைப்பு தொல்காப்பியரும் நன்னூலாரும் கூறும் நிரல்நிறைப் பொருள்கோள் என்பது தமிழ் பயில்வார் எளிதின் உணரத் தக்கது. நறையூரில் நிற்றலும், ஆலியில் இருத்தலும், குடந்தையில் கிடத்தலும், கோவலூரில் நடத்தலும் முறையே இயையும். இவ்வியைபு இலக்கண அளவில் நின்றுவிடுவதன்று. நாச்சியார்கோயில் என இன்று வழங்கும் நறையூரில் பெருமாள் நின்ற கோலத்தினர். திருவாலியில் நரசிம்மர் இருந்த கோலத்தினர். குடந்தையில் ஆராவமுதர் கிடந்த கோலத்தினர். கோவலூரில் திருவிக்கிரமர் உலகளக்க அடியெடுத்த கோலத்தினர். சொல்லும் கோயிலும் நான்கிடத்தும் பிழையாது பொருந்துகின்றன.

எனவே, முதற்பாட்டு நீர்மலையில் நான்கு கோலங்கள் உள என்று கூறவில்லை. வேறு நான்கு ஊர்களில் நான்கு நிலையினனாய் விளங்கும் ஒருவனுக்கு உரிய இடம் நீர்மலை என்பதே அதன் நேர்பொருள். வினைகள் நான்கும் நறையூர் முதலியவற்றோடு முடிகின்றன; நீர்மலையோடு முடிவது ‘இடம்’ என்னும் பெயர் ஒன்றே. இவ்வேறுபாட்டைக் கைவிட்டு வினைகளை நீர்மலைமேல் ஏற்றின், நான்கு ஊர்ப்பெயர்களும் பாட்டில் வேலையின்றி நிற்கும்.

4. வாய்பாட்டின் முன்வரலாறு

இவ்வடுக்கு திருமங்கையாழ்வார் புதிதாக ஆக்கிக்கொண்டதும் அன்று. அவருக்கு முற்பட்ட பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியின் 77ஆம் வெண்பாவில் இந்நான்கு வினைகளையும் இதே வைப்புமுறையில் தொடுத்துள்ளார். அவர் கூறும் ஊர்கள் வேங்கடம், விண்ணகர், வெஃகா, கோவல் என்பன. நான்கு இடத்தும் நான்கு நிலையில் விளங்குபவன் என்று சொன்ன அளவில் இடர் கெடும் என்பது அவ்வெண்பாவின் கருத்து. திருமங்கையாழ்வார் அவ்வாய்பாட்டை எடுத்துக்கொண்டு, முதல் மூன்று ஊர்களையும் மாற்றிச் சோழநாட்டு ஊர்களை அமைத்துள்ளார். கோவலூர் ஒன்றை மட்டும் அவர் மாற்றவில்லை. உலகளந்த கோலத்துக்கு உரிய தலமாகவும், முதலாழ்வார் மூவரும் கூடிய ஊராகவும் மரபு போற்றுவது அதுவேயாதலின், நடத்தல் என்னும் வினை அவ்வூரோடு பிரிக்கலாகாது பிணைந்துவிட்டது போலும்.

திருமழிசையாழ்வாரும் திருச்சந்த விருத்தத்தில் இதனை ஒத்த அமைப்பொன்றைக் கையாள்கின்றார். காஞ்சியின் ஊரகத்தில் நிற்றலையும், பாடகத்தில் இருத்தலையும், வெஃகாவில் கிடத்தலையும் கூறி, அம்மூன்று நிலையும் தம் நெஞ்சகத்தே நிகழ்ந்தமையைச் சொல்லி முடிக்கின்றார். நமது ஆராய்ச்சிக்கு இப்பாட்டு பெரிதும் துணையாவது. பல ஊர்களின் கோலங்களை ஓரிடத்தே குவித்தல் ஆழ்வார் பாடல்களில் ஒரு மரபு. திருமழிசையார் பாட்டில் அக்குவிமுனை நெஞ்சம், திருமங்கையார் பாட்டில் அது நீர்மலை. நெஞ்சில் மூன்று திருமேனிகள் இருந்தன என்று ஒருவரும் பொருள் கொள்ளார். அங்ஙனமாக, நீர்மலை பற்றிய பாட்டுக்கு மட்டும் அவ்வகைப் பொருள் கொள்ளுதற்குப் பாட்டினுள் காரணம் இல்லை.

5. பதிகத்தின் கட்டுக்கோப்பு

ஒரு தடை எழலாம். வாய்பாடு பழையதே ஆயினும், நீர்மலைப் பதிகத்தின் முகப்பில் அதனை வைத்தற்குத் தலத்தின் அமைப்பே காரணமாகலாம் அன்றோ எனின், அதற்கு விடை பதிகத்தின் கட்டுக்கோப்பிலேயே கிடைக்கின்றது.

பத்துப் பாட்டுள் முதல் ஒன்பதும் மாமலை எனப்படுவது நீர்மலையே என்னும் ஒரே முடிபைக் கொண்டு நிற்கின்றன. முதற்பாட்டு இடங்களைத் தொகுக்கின்றது. அடுத்து வருவன செயல்களைத் தொகுக்கின்றன. காண்டவ வனம் எரியுண்டது, அவுணன் மார்பை ஆளரி பிளந்தது, குறளன் நிமிர்ந்தது, பாரதப் போரில் ஆழியால் பகலோனை மறைத்தது, கடலில் அணைகட்டி இலங்கையைக் கெடுத்தது முதலிய பல அவதாரச் செயல்களும் அவ்வொரு முடிபிலேயே வந்து சேர்கின்றன. இடத்தால் பரந்தவனை முதலில் ஒரு குன்றில் நிறுத்தி, காலத்தால் பரந்தவனை அடுத்து அதே குன்றில் நிறுத்துதல் இப்பதிகத்தின் உத்தி. எல்லையிலாதவன் ஓர் எல்லைக்குள் அகப்பட்ட எளிமையை ஒன்பது முறை வியந்து கூறுதலே அதன் சுவை. ஆதலின் நால்வகை நிலை முகப்பில் வருதற்குப் பதிகத்தின் உள்ளமைப்பே போதிய காரணமாகும். பாரதப் போர் பாடப்பெற்றமையால் நீர்மலையில் பாரதச் சிற்பம் இருந்தது என நாம் கொள்வதில்லை. நான்கு கோலங்களுக்கும் அவ்வளவே கொள்ளுதல் முறை.

பெரிய திருமடலிலும் இறைவன் காலம் மூன்றும் ஆனவன் என்னும் புகழ்ச்சியை அடுத்தே நீர்மலை வருதல் ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது.

6. அண்டைப் பதிகங்களோடு ஒப்பீடு

பெரிய திருமொழியின் இரண்டாம் பத்து வேங்கடத்தில் தொடங்கி எவ்வுள், அல்லிக்கேணி, நீர்மலை, கடல்மல்லை, இடவெந்தை, கச்சியின் அட்டபுயகரம், பரமேச்சுர விண்ணகரம் எனத் தொண்டைநாட்டு வழியே வந்து கோவலூரில் முடிகின்றது. இவ்வைப்புமுறை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நடந்த ஒரு வழிப்பயணத்தை நினைவூட்டுவது. நீர்மலை அவ்வழியில் அல்லிக்கேணிக்கும் கடல்மல்லைக்கும் இடையே தன் நிலவியல் இடத்திலேயே நிற்கின்றது. சிறிய திருமடலிலும் கடல்மல்லை, இடவெந்தை, நீர்மலை மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. ஆகவே பாடப்பெற்ற நீர்மலை இம்மலையே என்பதில் ஐயமில்லை.

அண்டைப் பதிகங்கள் தத்தம் ஊர்களைக் காட்டும் முறையைக் காண்போம். அல்லிக்கேணிப் பதிகம் பொழில், வாவி, மதில், மாடம், மண்டபம் ஆகியவற்றைக் கூறித் தொண்டையர்கோன் செய்தமையையும் சொல்கின்றது. கடல்மல்லைப் பதிகம் நிதியும் களிறும் மணியும் சுமந்து இயங்கும் கலங்களைக் காட்டுகின்றது. அவ்வூர்ப் பெருமான் தரையில் கிடக்கும் தனிநிலையைத் தலசயனம் என்னும் பெயராலேயே மீண்டும் மீண்டும் உணர்த்துகின்றது. அட்டபுயகரப் பதிகம் எட்டுத் தோளுடைய தனிக்கோலத்தை முடிபிலேயே வைத்துள்ளது. பரமேச்சுர விண்ணகரப் பதிகம் பல்லவ வேந்தனின் போர்களைப் பாடுகின்றது. ஓர் ஊருக்கே உரிய கோலமோ கட்டடமோ இருப்பின் அதனை வெளிப்படக் கூறுதல் திருமங்கையாழ்வார் இயல்பு என்பது இவற்றால் பெறப்படும். நீர்மலைப் பதிகத்தில் மதில் இல்லை, மண்டபம் இல்லை, வேந்தன் பெயரும் இல்லை. ஒன்பதாம் பாட்டில் வண்டு அறையும் சோலை ஒன்று தோன்றி மறைவதன்றி ஊர்க்காட்சி என்று சொல்லத்தக்கது மிகச் சிறிதே. இத்துணைச் சுருங்கிய காட்சியுடைய பதிகத்திலிருந்து நான்கு சந்நிதிகளை வருவித்தல் சான்றின் வலிமைக்கு மிஞ்சியதாகும்.

எட்டாம் பாட்டில் பீலி ஏந்திய சமணத் துறவியரைப் பழித்தல் உண்டு. அதுகொண்டு மலையைச் சூழ அக்காலத்தே சமணர் மிகுந்திருந்தனர் எனக் கூறுதலும் அத்தன்மையதே. இப்பத்தின் தொடக்கமாகிய வேங்கடப் பதிகத்திலும் அப்பழிப்பு வருதலின், அது காலத்தின் சமயப் பூசலைக் காட்டுவதாகுமே ஒழிய, ஓரூரின் குடிவகையைக் காட்டுவதாகாது.

7. பெயரும் நீரும்

நீர்மலை என்னும் பெயருக்கு நீர் சூழ்ந்த மலை என மரபு பொருள் கூறும். வடமொழியில் தோயாத்திரி என வழங்குதலும் அப்பொருள் பற்றியதே; தோயம் என்பது நீர். ஆழ்வார் வந்தபொழுது மலையைச் சுற்றி நீர் பெருகி நின்றமையால் ஆறு திங்கள் காத்திருந்து வழிபட்டார் என்பது தலவரலாறு. அடையாற்றின் வெளியும் ஏரிகளும் சூழ்ந்த இந்நிலத்தில் மழைக்காலத்தே குன்று தீவாதல் நிகழக்கூடியதே. ஆயினும் பதிகத்தின் பத்துப் பாட்டுள் ஒன்றேனும் மலையைச் சூழ்ந்த நீரைக் கூறவில்லை. முதற்பாட்டில் புனலைப் பற்றிய அடைமொழி வருவது உண்மை. அஃது அடுத்து நிற்கும் நறையூரைச் சிறப்பிப்பதாகுமேயன்றி நீர்மலையைச் சிறப்பிப்பதன்று. எனவே காத்திருந்த கதை ஊர்ப்பெயரிலிருந்தும் நிலத்தின் இயல்பிலிருந்தும் பிறந்ததாகலாம், பதிகத்திலிருந்து பிறந்ததன்று.

பூதத்தாழ்வாரும் இத்தலத்தைப் பாடினார் என்பது மரபு. இரண்டாம் திருவந்தாதியில் அரங்கம், கோட்டி, வேங்கடம் இவற்றை அடுத்துச் சோலையும் நீர்மலையும் வரும் வெண்பாவே அதற்கு ஆதாரம். ஆங்கு நீர்மலை என்பதனை இயற்பெயராகக் கொள்ளாது, சோலைமலையின் நீர்வளத்தைக் கூறும் தொடராகக் கொள்வார்க்கும் சொல்லமைப்பு இடந்தருகின்றது. எனினும் சிறிய திருமடலில் நீர்மலையும் மாலிருஞ்சோலையும் வெவ்வேறு தலங்களாக அடுத்தடுத்து எண்ணப்படுதலை நோக்கின், இரண்டையும் சேர்த்து நினைக்கும் வழக்கொன்று இருந்தது எனக் கொண்டு, மரபின் பொருளையே வலியுடையதாகக் கொள்ளலாம். மரபை மறுத்தல் எவ்விடத்தும் ஆராய்ச்சியாகாது. சான்று உள்ளவிடத்து அதனைத் தழுவுதலும் ஆராய்ச்சியே.

8. பதிகம் உறுதியாகத் தருவன

இவ்வளவும் கூறியதனால் பதிகம் வரலாற்றுக்குப் பயன்படாது என்பது நம் கருத்தன்று. நீர்மலை எட்டாம் நூற்றாண்டில் திருமாலின் இடமாகப் பாடப்படும் பெருமை பெற்றிருந்தது என்பது உறுதி. கண்ணபுரம் பற்றிய பதிகம் ஒன்றில், மகளின் நிலையைக் கூறும் தாய் வேங்கடம், நீர்மலை, மெய்யம் மூன்றையும் அவள் வாயில் வரும் பெயர்களாகச் சொல்கின்றாள். தொண்டைநாட்டுச் சிறு குன்றம் வடவெல்லை மலையோடு ஒருங்கு எண்ணப்பட்டமை அதன் புகழுக்குச் சான்று.

மலைமேல் வழிபாடு இருந்ததா என்னும் வினாவுக்கும் விடை உண்டு. ஆனால் அதனைத் தேடும் இடம் அறிந்து தேடுதல் வேண்டும். பத்தாம் பாட்டில் வரும் ‘மேல்’ என்னும் சொல், நீர்மலையைக் குறித்துப் பாடிய தமிழ்மாலை என்னும் பொருளையும் தருமாதலின், அஃது ஒருதலையாக இடப்பொருள் உணர்த்தாது. பெரிய திருமடலில் நீர்மலையோடு வரும் அச்சொல்லோ மலைமேல் நிலைபெற்ற இறைவனையே சுட்டுகின்றது. ஆகவே மலைமேல் வழிபாட்டிற்குச் சான்று காட்ட விழைவார் பதிகத்தை விடுத்துத் திருமடலைக் காட்டுதல் தகும்.

9. கோயில் பாட்டுக்கு உரையாதல்

இனி, இவ்வாராய்ச்சியின் மறுபுறத்தை நோக்குவோம். அடிவாரத் தாயாரின் திருப்பெயர் அணிமாமலர் மங்கை என்றோம். அத்தொடர் பதிகத்தின் முதற்பாட்டிலேயே உள்ளது. ஆங்கு அது மலரில் உறையும் திருமகளைக் குறிக்கும் பொதுவான அடைச்சொற்றொடர். ஆயர்குலக் கொடியை அடுத்து வருவது. கோயிலில் அதுவே இயற்பெயராகிவிட்டது. பாட்டின் அடைமொழி தாயாரின் பெயராதல், பாட்டைக் கற்று, ஓதி, அதன் சொற்களால் தன்னை அமைத்துக்கொண்ட ஒரு கோயிலைக் காட்டுகின்றது.

நான்கு கோலங்களையும் இவ்வொளியில் காணுதல் பொருத்தமாகும். நான்கு ஊர்களில் விளங்குபவன் இக்குன்றில் உளன் என்று பாட்டு சொல்லிற்று. கோயில் அந்நால்வரையும் கண்ணாரக் காணும் வடிவில் வைத்து வழிபடுகின்றது. பாட்டில் ஊர்களோடு இயைந்த வினைகள் கோயிலில் சந்நிதிகளாகின்றன. கோலங்களுள் ஒன்றோ பலவோ ஆழ்வார் காலத்திற்கு முன்னரே இருந்திருக்கலாம். அதனைப் பாட்டு மறுக்கவும் இல்லை, நிறுவவும் இல்லை. கட்டடக் கூறுகளும் திருமேனிகளின் அமைதியும் கல்வெட்டுக்களும் தனித்தனியே ஆராயப்பெற்றே அது துணியப்படல் வேண்டும். அவ்வாராய்ச்சியின் முடிவைப் பதிகத்தைக் காட்டி முன்னரே கூறிவிடுதல் வரலாற்றுக்கும் இலக்கியத்திற்கும் ஒருங்கே தீங்காகும். வரலாறு சான்றை இழக்கின்றது. இலக்கியமோ, நான்கு ஊர்களை ஒரு குன்றில் கூட்டிய கற்பனையின் வீறு அழிந்து, சந்நிதிகளின் பட்டியலாகச் சுருங்குகின்றது.

10. முடிவு

மேற்கூறியவற்றைத் தொகுத்துரைப்பின், நீர்மலைப் பதிகத்தின் நால்வகை நிலை பொய்கையாழ்வார் காலந்தொட்டு வழிவழி வந்த ஒரு வாய்பாடு. நிரல்நிறையால் வேறு நான்கு ஊர்களோடு முடிவது. பதிகத்தின் குவிப்பு உத்திக்கு முகப்பாக அமைந்தது. கோயிலின் எட்டாம் நூற்றாண்டு அமைப்பிற்குச் சான்றாகாதது. தாயாரின் திருப்பெயரோ கோயில் பாட்டின்வழி நடந்தமைக்குச் சான்றாவது. பெரியவாச்சான்பிள்ளை போன்றார் ஏட்டில் எழுதிய உரைகளைப் போலவே, கோயில்கள் வழிபாட்டில் எழுதிய உரைகளும் உள. திருநீர்மலை அத்தகைய உரைகளுள் ஒன்று. மூலத்தையும் உரையையும் பிரித்தறிதல் இரண்டின் பெருமையையும் காப்பதாகும். தலங்களைப் பற்றி ஆராய முற்படும் இளம் ஆராய்ச்சியாளர், ஒரு பதிகத்தைச் சான்றாகக் காட்டுமுன் அதன் சொற்றொடர் முடிபையும், அதே ஆசிரியரின் அண்டைப் பதிகங்களையும், அவருக்கு முற்பட்டோர் வாய்பாடுகளையும் ஒருங்கு வைத்து நோக்குதலைக் கடமையாகக் கொள்வாராக.